பியூனஸ் அயர்ஸ் – சாண்டியாகோ: தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் இத்தனை?

கேள்வி இதுதான்: "பியூனஸ் அயர்ஸிலிருந்து சாண்டியாகோவுக்கு எவ்வளவு தூரம்? ஓரிடத்தில் 1,140 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது, இன்னோரிடத்தில் 1,400. ஜூலை மாதத்துக்கு டிக்கெட் பார்த்தால் போக 1 மணி 20 நிமிடம், திரும்பி வர 2 மணி 55 நிமிடம் போலத் தெரிகிறது. ஒரே வழிக்கு இத்தனை வித்தியாசம் எப்படி வரும்?"

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். பியூனஸ் அயர்ஸ் அர்ஜென்டினாவின் தலைநகர், சாண்டியாகோ பக்கத்து நாடான சிலியின் தலைநகர். இரண்டுக்கும் இடையே வான்வழியில் சுமார் 1,140 கிலோமீட்டர். சாலை வழியில் சுமார் 1,400. விமானத்தில் மேற்கே சாண்டியாகோ போக ஏறத்தாழ இரண்டே கால் மணி நேரம், கிழக்கே பியூனஸ் அயர்ஸ் திரும்ப இரண்டு மணிக்குக் கொஞ்சம் குறைவு. டிக்கெட்டில் நீங்கள் பார்த்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கடிகாரம் செய்த வேலை. மிச்சம் காற்றின் வேலை.

இதோடு எழுந்து போக விரும்புகிறவர்கள் போகலாம். ஆனால் இந்தத் தடத்தில் தூரத்தையும் நேரத்தையும் குழப்பிக்கொண்டதால் விமானங்களே விழுந்திருக்கின்றன. அதனால் கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்போம்.

தூரத்தை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. சாண்டியாகோ தெற்கே 33.4 பாகை, பியூனஸ் அயர்ஸ் 34.6. தீர்க்கரேகையில் மட்டும் சுமார் 12.3 பாகை இடைவெளி. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை என்பது 111 கிலோமீட்டர். 34 பாகை தெற்கே வந்துவிட்டால் அது 92 ஆகச் சுருங்கிவிடும். 12.3-ஐ 92-ஆல் பெருக்கினால் கிழக்கு மேற்காக 1,130 சொச்சம். வடக்கு தெற்காக ஒரு 130. பள்ளிக்கூடத்தில் படித்த பைதாகரஸ் தேற்றத்தில் இரண்டையும் போட்டால் 1,140 வந்து நிற்கும். பூமி உருண்டை என்பதால் வரும் பிழை இந்தத் தூரத்துக்குப் பெரிதாக இல்லை.

இதிலேயே ஒரு சின்ன வேடிக்கை உண்டு. பியூனஸ் அயர்ஸில் விமான நிலையங்கள் இரண்டு. ஒன்று எசெய்சா, ஊருக்குத் தென்மேற்கே, நகர மையத்திலிருந்து சாலையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல். இன்னொன்று ஏரோபார்க்கே. லா பிளாட்டா ஆற்றங்கரையில், பலேர்மோ பகுதியில், நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. சாண்டியாகோவுக்கு இரண்டிலிருந்தும் விமானம் உண்டு. வான்வழிக் கணக்கில் எசெய்சாதான் கிட்டே, ஏரோபார்க்கே பத்து கிலோமீட்டர் தள்ளி. ஆனால் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் பார்த்தால் நகரத்தில் தங்குகிறவருக்கு ஏரோபார்க்கேதான் ஒரு மணி நேரம் லாபம். டிக்கெட் எடுக்கும்போது எந்த நிலையம் என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பழக்க தோஷத்தில் எசெய்சாவுக்கு டாக்சி பிடித்துப் போய் நின்றார். அவருடைய விமானம் ஏரோபார்க்கேயிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது.

இனி நேரம். ஏர்பஸ் ஏ320 மாதிரியான விமானம் உயரத்தில் மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 1,140-ஐ அதால் வகுத்தால் 1 மணி 22 நிமிடம்தான் வருகிறது. பிறகு இரண்டே கால் மணி எங்கிருந்து வந்தது?

முதலில், விமான நிறுவனம் சொல்லும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. வாசலை விட்டுப் பின்னால் நகர்த்தும் நொடியிலிருந்து, மறுமுனையில் வாசலில் வந்து நிற்கும் வரை எல்லாம் அதில் சேர்த்தி. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மெதுவாக மேலேறுவது, மெதுவாக இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணிக்கு மேல் போய்விடும். இது உலகத்தில் எந்தத் தடத்துக்கும் பொது.

இந்தத் தடத்துக்கே உரியது காற்று. பூமியின் இந்த அட்சரேகையில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். பசிபிக் பக்கமிருந்து வந்து, இரண்டு நாட்டுக்கும் நடுவே நிற்கும் ஆண்டீஸ் மலைத்தொடரைத் தாண்டி அர்ஜென்டினா மேல் போகும். குளிர்காலத்தில், அதாவது ஜூன், ஜூலை, ஆகஸ்டில், அதன் வேகம் கூடும். மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்துப் போகும்போது தரையைப் பொறுத்த வேகம் 680. அப்போது அதே தூரத்துக்கு 1 மணி 41 நிமிடம். காற்றோடு திரும்பும்போது வேகம் 980, நேரம் 1 மணி 10 நிமிடம். அரை மணி வித்தியாசம் இங்கேயே வந்துவிட்டது. ஆற்றில் எதிர்த்துத் துடுப்புப் போடுகிறவனுக்கும் போக்கில் போகிறவனுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

அடுத்தது மலை. பியூனஸ் அயர்ஸிலிருந்து கிளம்பினால் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பெரும்பாலும் பாம்பாஸ் என்னும் சமவெளி. சதுரம் சதுரமாக வயல், மேய்ச்சல் நிலம், மறுபடி வயல். சொல்ல ஒன்றும் இல்லை. மலையடிவாரத்து அர்ஜென்டினா ஊரான மெண்டோசா தாண்டியதும் தரை எழுந்து நிற்கும். அகொன்காகுவா 6,961 மீட்டர், ஆசியாவுக்கு வெளியே உலகத்திலேயே உயரமான சிகரம். அதற்குத் தெற்கே துபுங்காட்டோ, 6,500 மீட்டருக்கு மேல். இந்தச் சுவரின் உச்சியிலிருந்து சாண்டியாகோ விமான நிலையம் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. நிலையமோ கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் உயரத்துக்கும் கீழே கிடக்கிறது.

ஒரு ஜெட் விமானம் பதினோரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து சாவகாசமாக இறங்க 200 கிலோமீட்டர் போல வேண்டும். இங்கே மலையைத் தாண்டும் வரை இறங்கவே கூடாது, தாண்டிவிட்டாலோ நிலையம் காலடியில் இருக்கிறது. போதாததற்கு ஓடுபாதைகள் வடக்கு தெற்காக அமைந்தவை, கிழக்கிலிருந்து நேராக வந்து இறங்க வழியில்லை. அதனால் விமானம் மலையைக் கடந்ததும் வளைந்து, பள்ளத்தாக்கின் மேல் ஒரு சுற்றுப் போட்டு, உயரத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கும். திரும்பும்போது இதே கதை தலைகீழாக: முதலில் பள்ளத்தாக்குக்குள்ளேயே உயரம் ஏற்றிக்கொண்டு, பிறகுதான் கிழக்கே திரும்ப வேண்டும். ஆகவே 1,140 என்பது வரைபடத்தில் போட்ட கோடு. விமானம் உண்மையில் பறப்பது அதைவிடக் கூடுதல்.

இப்போது கடிகாரம். அர்ஜென்டினா ஆண்டு முழுக்க கிரீன்விச்சுக்கு 3 மணி பின்னால். சிலி கோடையில் அதே 3 மணி பின்னால், ஆனால் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை 4 மணி பின்னால். (சிலியின் தென்கோடி மகஜானெஸ் மாகாணத்துக்கு இது பொருந்தாது, அது தனி வழி.) நீங்கள் ஜூலையில் போகிறீர்கள். பியூனஸ் அயர்ஸில் காலை 10 மணிக்குக் கிளம்பி 2 மணி 20 நிமிடம் பறந்தால் உங்கள் கைக்கடிகாரத்தில் 12.20. சாண்டியாகோ சுவர்க் கடிகாரத்தில் 11.20. டிக்கெட்டில் 10.00 – 11.20 என்றுதான் இருக்கும். திரும்பும்போது பிற்பகல் 1 மணிக்குக் கிளம்பி 1 மணி 55 நிமிடம் பறந்தால், இறங்கும் ஊரில் 3.55. பார்க்க மூன்று மணி நேரப் பயணம் போல இருக்கும். அதே டிக்கெட்டை ஜனவரிக்கு எடுத்துப் பாருங்கள், இரண்டு ஊரிலும் ஒரே மணி, குழப்பமே இருக்காது. ஏப்ரல், செப்டம்பர் முதல் வாரங்களில் பயணம் வைத்திருப்பவர்கள் மட்டும் கடிகாரம் மாறும் நாளைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்கு விடை இதோடு முடிந்தது. ஆனால் விமானிகளே இந்த நேரக் கணக்கில் ஏமாந்த கதை இரண்டு உண்டு. இந்தத் தடத்தைப் பற்றிப் பேசிவிட்டு அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

1947 ஆகஸ்ட் 2. பியூனஸ் அயர்ஸிலிருந்து சாண்டியாகோவுக்கு ஒரு பிரிட்டிஷ் விமானம் கிளம்புகிறது. 'ஸ்டார் டஸ்ட்' என்று பெயர். இரண்டாம் உலகப் போரின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தைப் பயணிகளுக்காக மாற்றிய லங்காஸ்ட்ரியன் வகை. உள்ளே 11 பேர். அந்தக் காலத்து விமானங்களில் பலவற்றால் எட்ட முடியாத உயரம் அதற்குக் கைவசம் இருந்தது. மலை மேல் மேகம் மூடியிருந்ததால் அதற்கும் மேலே ஏறிப் பறந்தார்கள். மாலை 5.41-க்கு சாண்டியாகோவுக்கு மோர்ஸ் குறியீட்டில் செய்தி: 5.45-க்கு இறங்குகிறோம். செய்தியின் கடைசியில் 'ஸ்டெண்டெக்' என்று ஒரு சொல். கேட்டுக்கொண்டிருந்த சிலி ஊழியருக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டார். அதே சொல் இன்னும் இரண்டு முறை வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

ஐம்பது ஆண்டுகள் விமானத்தின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. நாசவேலை என்றார்கள், பறக்கும் தட்டு என்றுகூடச் சொன்னார்கள். 1998-ல் மலையேறப் போன இரண்டு அர்ஜென்டினாக்காரர்கள் துபுங்காட்டோவின் பனியாற்றடியில் ஒரு இயந்திரத்தைப் பார்த்தார்கள். 2000-ல் அர்ஜென்டினா ராணுவம் போய் மிச்சத்தைத் திரட்டியது. மலையில் மோதியதும் விமானத்தைப் பனி மூடி விழுங்கிவிட்டது. பனியாறு அதை உள்ளேயே மெல்ல மெல்ல நகர்த்தி, அரை நூற்றாண்டு கழித்துக் கீழே கொண்டுவந்து துப்பியிருக்கிறது.

காரணம் என்று விசாரித்தவர்கள் சொன்னது நேரக் கணக்கைத்தான். ஜெட் ஸ்ட்ரீம் என்று ஒன்று இருப்பது அன்று விமானிகளுக்குச் சரியாகத் தெரியாது. அத்தனை உயரத்தில் பறந்தவர்களே குறைவு. கீழே எல்லாம் மேகம், தரை தெரியவில்லை. இத்தனை நிமிடம் பறந்தோம், இந்த வேகத்தில் வந்தோம், ஆகவே மலையைத் தாண்டியாயிற்று என்று கணக்குப் போட்டு இறங்கத் தொடங்கியிருக்கிறார்கள். எதிர்க்காற்று அவர்களைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மலை இன்னும் முன்னால்தான் இருந்தது. 'ஸ்டெண்டெக்' என்றால் என்ன என்பதற்கு இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளும்படி விடை சொல்லவில்லை. என்னைக் கேட்டால் அந்தச் சொல்லுக்குக் கிடைத்த கவனத்தில் பாதியாவது அந்த '5.45'-க்குக் கிடைத்திருக்க வேண்டும். செய்தியில் இருந்த உண்மையான தவறு அதுதான்.

இரண்டாவது கதை பலருக்குத் தெரியும். 1972 அக்டோபர் 13. உருகுவே விமானப்படையின் விமானம் ஒன்று, ரக்பி ஆட்டக்காரர்கள், அவர்களுடைய உறவினர்கள், நண்பர்கள், விமான ஊழியர்கள் என 45 பேரோடு சாண்டியாகோ போகிறது. கிளம்பியது மாண்டிவிடியோவிலிருந்து, அதாவது பியூனஸ் அயர்ஸுக்கு ஆற்றின் மறுகரை. வானிலை சரியில்லாமல் முந்தைய இரவு மெண்டோசாவில் தங்கினார்கள். அந்த விமானத்தால் உயரமான சிகரங்களுக்கு மேல் நிம்மதியாகப் பறக்க முடியாது. அதனால் நேராகப் போகாமல் தெற்கே இறங்கி, பிளாஞ்சோன் கணவாய் வழியாக மேற்கே கடந்து, சிலியில் குரிகோ என்ற ஊரை எட்டியதும் வடக்கே திரும்பி சாண்டியாகோ போக வேண்டும்.

பிளாஞ்சோனிலிருந்து குரிகோ பதினொரு நிமிட வழி. விமானி மூன்றே நிமிடத்தில் குரிகோ வந்துவிட்டதாக அறிவித்துவிட்டு வடக்கே திரும்பினார். இறங்க அனுமதியும் கிடைத்தது. மேகத்துக்குள் இறங்கியபோது அடியில் இருந்தது சிலியின் சமவெளி இல்லை, மலையின் நடு முதுகு. விழுந்த பிறகு பனியில் 72 நாள். உயிரோடு திரும்பியவர்கள் 16 பேர். இரண்டு இளைஞர்கள், நாந்தோ பர்ராதோவும் ரொபெர்த்தோ கனெஸ்ஸாவும், பத்து நாள் நடந்து மேற்கே இறங்கி ஆள் நடமாட்டத்தைக் கண்டதால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள். இங்கேயும் தூரத்தில் தவறில்லை. எட்டு நிமிடம் முன்னதாக வந்துவிட்டோம் என்ற நினைப்புதான் தவறு.

இன்று இது நடக்காது. செயற்கைக்கோள் வழிகாட்டி இருக்கிறது, ரேடார் இருக்கிறது, காற்றின் வேகம் விமானி அறையிலேயே எண்ணாகத் தெரிகிறது. ஜெட் விமானம் மலையைக் கடப்பதே பத்து நிமிட வேலை. ஆனாலும் மலையின் குணம் மாறவில்லை. மேற்குக் காற்று மலைச் சுவரில் மோதி மேலேறி, தாண்டியதும் கடல் அலை மாதிரி சுருண்டு விழும். மெண்டோசா பக்கம் அது தரை வரை இறங்கி வந்தால் சோண்டா என்று பெயர். வறண்ட, சூடான, புழுதிக் காற்று. பலமாக அடித்தால் அங்கே பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விட்டுவிடுவார்கள். மேலே விமானத்தில் உங்களுக்குத் தெரிவது குலுக்கல்தான். மலை நெருங்குவதற்கு முன்பே பெல்ட் போடச் சொல்லிவிடுவார்கள், காபி வண்டியைச் சுருட்டிவிடுவார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, பெல்ட்டை மட்டும் கழற்றாதீர்கள்.

பயணிகளுக்குத் தெரியாத ஏற்பாடு ஒன்றும் உண்டு. விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் வழக்கமாகச் செய்வது, உடனே 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிடுவது. மேலிருந்து விழும் ஆக்சிஜன் முகமூடி பன்னிரண்டு பதினைந்து நிமிடத்துக்குத்தான் வரும். ஆண்டீஸ் மேல் அப்படி இறங்க முடியாது, அந்த உயரத்தில் பாறைதான் இருக்கிறது. அதனால் எந்த இடம் வரை வந்திருந்தால் பின்னால் திரும்புவது, எந்த இடம் தாண்டியிருந்தால் முன்னால் போவது என்று கிளம்பும் முன்பே குறித்து வைத்திருப்பார்கள்.

இனி, நீங்கள் பார்த்த அந்த 1,400 கிலோமீட்டர் சாலை வழி. பியூனஸ் அயர்ஸிலிருந்து மெண்டோசா ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், அங்கிருந்து சாண்டியாகோ இன்னொரு 360 சொச்சம். பேருந்தில் 20 மணி நேரத்துக்குக் குறையாது. எல்லைச் சோதனையில் கூட்டம் இருந்தால் இன்னும் கூடும். கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேலே, மூன்று கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை வழியாக எல்லையைக் கடப்பீர்கள். சிலிப் பக்கம் இறங்கியதும் கொண்டை ஊசி வளைவுகள். 'நத்தைகள்' என்ற பொருளில் கரகோலெஸ் என்பார்கள். குளிர்காலத்தில் பனி கொட்டினால் பாதையை நாள்கணக்கில் மூடிவிடுவார்கள், ஆகவே ஜூலையில் போகிற நீங்கள் இதை நம்பித் திட்டம் போடாதீர்கள். 1910-ல் திறந்த மலை ரயில் ஒன்றும் ஒரு காலத்தில் இதே கணவாய் வழியாக ஓடியது, செங்குத்தான இடங்களில் பல்சக்கரம் வைத்து. 1984-ல் அதை மூடிவிட்டார்கள். தண்டவாளம் இன்னும் சாலையோரம் துருப்பிடித்துக் கிடக்கிறது.

என் யோசனையைக் கேட்டால், நாள் கையில் இருப்பவர்கள் மெண்டோசா வரை வேறு எப்படியாவது வந்து, அங்கிருந்து கோடையில் பகல் பேருந்து பிடிக்கலாம். அந்த ஏழெட்டு மணி நேரம்தான் பார்க்கத் தகுந்தது. மெண்டோசா – சாண்டியாகோ வான்வழி வெறும் 200 கிலோமீட்டர். சாலையில் ஏறக்குறைய இரட்டிப்பு. விமானம் ஏறியதும் இறங்கியதும்தான் தெரியும்.

முழுத் தூரமும் விமானத்தில்தான் என்றால், சாண்டியாகோ போகும்போது வலது பக்க ஜன்னல், திரும்பும்போது இடது பக்கம் கேளுங்கள். விமானம் பெரும்பாலும் அகொன்காகுவாவுக்குத் தெற்கே கடக்கும், சிகரம் வடக்குப் பக்கம் தெரியும். ஆனால் தென் அரைக்கோளத்தில் நண்பகல் சூரியனும் வடக்கேதான் நிற்கும். அதனால் படம் எடுக்க நினைக்கிறவர்கள் காலை விமானத்தில் போவது நல்லது. கடைசியாக ஒன்று: சிலிக்குள் பழம், விதை, இறைச்சி கொண்டுபோவதற்குக் கடுமையான தடை. நுழையும்போது எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியில் இல்லை என்று போட்டுவிட்டு, பையில் மறந்துபோன ஒரு ஆப்பிளோடு மாட்டிக்கொண்டால் அபராதம். சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள்.